முதலில் நின்றவரும் முந்திச் சென்றவரும்

(1963ஆம் ஆண்டில் பீட்டில்ஸ் இசைக்குழு இங்கிலாந்தில் மேற்கொண்ட கச்சேரிப் பயணம் பற்றிய கட்டுரை)

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி

முன்னுரை

இசைக்கு மயங்காத உயிர் இவ்வுலகில் உண்டோ? தாயின் தாலாட்டில் கண்ணயரும் குழந்தை முதல், பாட்டுப் பாடிக்கொண்டே நாற்று நடும் பெண்கள் வரை, இசை தொடாத வாழ்வு இல்லை. அத்தகைய இசையால் உலகையே தம்பால் ஈர்த்தவர்கள் இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த பீட்டில்ஸ் குழுவினர் நால்வர். அவர்களுடைய பெயரைக் கேள்விப்படாத இசையன்பர்கள் இல்லை என்றே சொல்லலாம்.

பாட்டு வகுப்பு எடுக்கும் சிஸ்டர், இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதும்படி என்னிடம் கூறினார்கள். "பீட்டில்ஸ் குழுவைப் பற்றி எழுதட்டுமா, சிஸ்டர்?" என்று கேட்டேன். "அவர்கள் புகழ் பெற்ற கதையை எல்லாரும் எழுதுவார்கள். புகழ் வருமுன் யாருக்குப் பின்னால் நின்று பாடினார்கள் என்று தேடி எழுதம்மா" என்றார்கள். சிஸ்டர் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன்.

நால்வரின் தொடக்கம்

இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள துறைமுக நகரம் லிவர்பூல். ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் அந்நகரத்தில் பிறந்தவர்கள். செல்வக் குடும்பத்துப் பிள்ளைகள் அல்லர். பாலும் ஜார்ஜும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஜான் தம் பெரியம்மாவின் வீட்டில் வளர்ந்தவர். ரிங்கோவோ சிறு வயதில் நோய்வாய்ப்பட்டு நெடுநாள் மருத்துவமனையில் கிடந்தவர். பள்ளிப் படிப்பை முறையாக முடிக்க அவரால் இயலவில்லை.

இவர்கள் எடுத்த எடுப்பிலேயே புகழ் பெற்றுவிட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அது தவறு. 1960ஆம் ஆண்டு மே மாதத்தில், ரிங்கோ குழுவில் சேருவதற்கு முன்பு, ஜானும் பாலும் ஜார்ஜும் வேறு இருவரோடு ஸ்காட்லாந்துக்குச் சென்றனர். ஜானி ஜென்டில் என்னும் பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதே அவர்கள் பணி. சுவரொட்டியில் 'ஜானி ஜென்டிலும் அவர் குழுவும்' என்றுதான் இருந்தது. இவர்களின் பெயர் இல்லை. வழியில் அவர்கள் சென்ற வண்டி மற்றொரு காரின்மீது மோதிற்று. அப்போது அவர்களோடிருந்த டிரம் வாசிப்பவருக்குப் பற்கள் உடைந்தன. ஆயினும் அன்றிரவே அவர் மேடையேற வேண்டியதாயிற்று.

1961 டிசம்பர் 9ஆம் நாள் ஆல்டர்ஷாட் என்னும் ஊரில் இவர்கள் பாடியபோது, கேட்க வந்திருந்தவர்கள் பதினெட்டுப் பேர் மட்டுமே. 1962 ஜனவரி முதல் நாள், டெக்கா இசைத்தட்டு நிறுவனம் இவர்களைப் பாடவைத்துக் கேட்டுப் பின்னர் வேண்டாமென்று விட்டது. அதன் பிறகும் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் சோர்ந்துவிடவில்லை. பல வாயில்களைத் தட்டிக் கடைசியில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் ஜார்ஜ் மார்ட்டின் என்பவரிடம் வந்து சேர்ந்தார். 1962 ஆகஸ்டில் ரிங்கோ குழுவில் சேர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் இவர்களின் முதல் இசைத்தட்டு வெளிவந்து, விற்பனைப் பட்டியலில் பதினேழாம் இடம் வரை சென்றது.

பதினேழாம் இடம் சிறிதன்று, பெரிதுமன்று. ஊர் ஊராகச் சென்று பாடினால்தான் நாடு முழுவதும் பெயர் தெரியும். கச்சேரிப் பயணங்களை ஏற்பாடு செய்யும் ஆர்தர் ஹோவ்ஸ் என்பவரை எப்ஸ்டீன் அணுகினார். அவர் 1962 டிசம்பர் 2ஆம் நாள் பீட்டர்பரோ என்னும் ஊரில் இவர்களுக்கு ஒரு சோதனை வாய்ப்பு அளித்தார். அன்று மக்கள் கேட்க வந்தது ஃபிராங்க் ஐஃபீல்ட் என்ற புகழ்பெற்ற பாடகரை. பீட்டில்ஸ் பாடியது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அப்படியிருந்தும் ஹோவ்ஸ் அவர்களைக் கைவிடவில்லை. அடுத்த பிப்ரவரியில் தொடங்கவிருந்த பயணத்தில் இடம் கொடுத்தார். அந்தப் பயணமே இக்கட்டுரையின் பொருள்.

அக்காலக் கச்சேரிப் பயணம்

இக்காலத்தில் ஒரு குழுவின் கச்சேரி என்றால் அந்தக் குழுவே இரண்டு மூன்று மணி நேரம் பாடும். அக்கால இங்கிலாந்தில் வழக்கம் வேறு. ஏழெட்டுக் கலைஞர்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே பஸ்ஸில் ஏற்றி ஊர் ஊராக அழைத்துச் செல்வார்கள். திரையரங்குகளே பெரும்பாலும் கச்சேரி மண்டபங்கள். ஒரே மாலையில் இரண்டு காட்சிகள் நடக்கும். ஒவ்வொருவருக்கும் நான்கு பாட்டோ ஐந்து பாட்டோதான். இடையிடையே அறிவிப்பாளர் வந்து நகைச்சுவையாகப் பேசி அடுத்தவரை அழைப்பார்.

இதில் யார் எப்போது பாடுவது என்ற வரிசை மிக முக்கியமானது. தொடக்கத்தில் வருபவர், மக்கள் இருக்கை தேடி அமரும் வேளையில் பாட வேண்டும். இடைவேளைக்கு முன் முதற்பாதியை முடித்து வைப்பது ஒரு மதிப்பு. இரண்டாம் பாதியின் கடைசியில் வருவது எல்லாவற்றிலும் பெரிய மதிப்பு. யாரைப் பார்க்க மக்கள் சீட்டு வாங்கினார்களோ அவரே கடைசியில் வருவார். சுவரொட்டியில் அவர் பெயரே பெரிய எழுத்தில் இருக்கும்.

மேடைக் கருவிகளும் இன்றுள்ளவை போல் அல்ல. கிதார் ஒலியைப் பெருக்க பீட்டில்ஸ் வைத்திருந்தவை முப்பது வாட் திறனுள்ள பெட்டிகள். இன்றைய பெரிய கச்சேரிகளின் கருவிகளோடு ஒப்பிட்டால் அவை விளையாட்டுச் சாமான் போலத்தான்.

1963 பிப்ரவரி 2ஆம் நாள் சனிக்கிழமை, பிராட்ஃபோர்டு நகரின் காமான்ட் திரையரங்கில் இப்பயணம் தொடங்கிற்று. டேனி வில்லியம்ஸ், கென்னி லிஞ்ச், கெஸ்ட்ரல்ஸ் குழுவினர், ஹனீஸ் என்ற மூன்று பெண்கள், ரெட் பிரைஸ் வாத்தியக் குழுவினர் ஆகியோர் பஸ்ஸில் இருந்தனர். அறிவிப்பாளராக அயர்லாந்து நாட்டு நகைச்சுவையாளர் டேவ் ஆலன் வந்தார். பீட்டில்ஸ் குழுவுக்கு முற்பகுதியில் ஓர் இடம். சுவரொட்டியின் உச்சியில் பெரிய எழுத்தில் இருந்த பெயர் ஹெலன் ஷாபிரோ.

யார் இந்த ஹெலன்?

தோழியரே, ஹெலன் ஷாபிரோ அப்போது பதினாறு வயதுப் பெண். நம்மைவிட ஒரு வகுப்பு மூத்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்! 1946 செப்டம்பர் 28ஆம் நாள் இலண்டன் நகரின் கிழக்குப் பகுதியில் ஓர் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு வயதுக்கு மீறிய கனத்த குரல். மூடுபனியில் கப்பல்களுக்கு எச்சரிக்கை செய்ய ஊதும் கொம்பின் பெயரைச் சொல்லி உடன் படித்த பிள்ளைகள் அவரைக் கேலி செய்வார்களாம். கேலிக்கு ஆளான அந்தக் குரலே அவரை உயர்த்திற்று.

1961இல், பதினான்கு வயதில், அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவருடைய மற்றொரு பாடல் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அப்போதும் வயது பதினான்குதான். அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு பாடலும் முதலிடம் பெற்றுப் பத்து லட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. பதினாறு வயது நிறைவதற்குள் நாட்டின் சிறந்த பாடகி என்று வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் வயதில் ஒரு பெண் ஒரு நாட்டின் முதற்பாடகி! படித்தபோது எனக்கு வியப்பாகவும் சற்றுப் பொறாமையாகவும் இருந்தது.

ஆனால் 1963 தொடங்கியபோது நிலைமை மாறிக்கொண்டிருந்தது. ஹெலனின் புதிய இசைத்தட்டுகள் முன்போல் பட்டியலின் உச்சியைத் தொடவில்லை. மக்களின் சுவை வேறு பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. அது எந்தப் பக்கம் என்பது அவருடைய பஸ்ஸிலேயே அமர்ந்திருந்தது.

பனியிலே ஒரு பயணம்

1962-63 குளிர்காலம் இங்கிலாந்து வரலாற்றில் மறக்க முடியாத ஒன்று. 1740ஆம் ஆண்டுக்குப் பிறகு அவ்வளவு கடுங்குளிர் அந்நாட்டில் வந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பெய்யத் தொடங்கிய பனி, மார்ச் முதல் வாரம் வரை பல இடங்களில் கரையவே இல்லை. ஆறுகள் உறைந்தன, சாலைகள் மூடின.

அந்த ஜனவரியில் பீட்டில்ஸ் நால்வரும் இலண்டனிலிருந்து லிவர்பூலுக்கு வேனில் திரும்புகையில் முகப்புக் கண்ணாடி உடைந்துவிட்டது. பனிக்காற்று நேரே உள்ளே அடித்தது. குளிர் தாங்காமல் நால்வரும் ஒருவர் மேல் ஒருவராகப் படுத்துக்கொண்டனர். மேலே கிடப்பவர் விறைத்துப் போனதும் கீழே போய்விட, அடுத்தவர் மேலே வருவாராம். இதை நினைத்துச் சிரிப்பதா, இரங்குவதா? உலகமே கொண்டாடப்போகிற நால்வர், ஒரு சிறு வேனில் அவ்வாறு கிடந்தார்கள்.

இத்தகைய குளிரில்தான் பிப்ரவரிப் பயணம் நடந்தது. பிராட்ஃபோர்டுக்குப் பின் டான்காஸ்டர், பெட்ஃபோர்டு, வேக்ஃபீல்டு, கார்லைல், சண்டர்லாந்து என்று பஸ் சென்றது. பிப்ரவரி 8ஆம் நாள் இரவு கார்லைல் நகரில் ஒரு நிகழ்ச்சி. கச்சேரி முடிந்து தங்குமிடம் திரும்பினர். அங்கே கோல்ஃப் விளையாட்டுச் சங்கத்தார் நடன விருந்து நடத்திக்கொண்டிருந்தனர். ஹெலனும் பீட்டில்ஸ் குழுவினரும் அதில் கலந்துகொண்டனர். இளைஞர்கள் தோல் சட்டை அணிந்திருந்தது சங்கத்தாருக்குப் பிடிக்கவில்லை. வெளியேறும்படி சொல்லிவிட்டனர். செய்தித்தாளிலும் அது வந்துவிட்டது. ஆளை ஆடையால் அளப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் போலும்.

ஒரே நாளில் பத்துப் பாடல்கள்

1963 ஜனவரி 11ஆம் நாள் பீட்டில்ஸின் இரண்டாம் இசைத்தட்டு வெளிவந்திருந்தது. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' என்பது அப்பாடலின் பெயர். முதலில் மெதுவான நடையில் இருந்த அதனை விரைவுபடுத்தும்படி சொன்னவர் ஜார்ஜ் மார்ட்டின். பயணம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தத் தட்டு விறுவிறுவென விற்பனையாகத் தொடங்கியது.

பாடல் பிரபலமாகும் வேளையில் நெடுநேர இசைத்தட்டு ஒன்றையும் உடனே வெளியிட வேண்டும் என்று மார்ட்டின் கருதினார். ஆனால் குழுவினரோ பஸ்ஸில் சுற்றிக்கொண்டிருந்தனர். கிடைத்தது பிப்ரவரி 11, திங்கட்கிழமை என்ற ஒரே நாள். சண்டர்லாந்திலிருந்து இலண்டன் வந்து சேர்ந்தனர். காலை பத்து மணிக்குத் தொடங்கிய ஒலிப்பதிவு, இடையிடையே சற்று ஓய்வுடன், இரவு பதினொரு மணியை நெருங்கும்போது முடிந்தது. ஒரே நாளில் பத்துப் பாடல்கள்!

அன்று ஜான் லென்னனுக்குக் கடுமையான ஜலதோஷம். தொண்டை கட்டியிருந்தது. தொண்டை மாத்திரைகளைச் சுவைத்துக்கொண்டும் பால் குடித்துக்கொண்டும் நாள் முழுவதும் பாடினார். உரத்த குரலில் கத்திப் பாட வேண்டிய பாட்டைக் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தனர். அதை முதலில் பாடினால் குரல் முற்றிலும் போய்விடும் என்ற அச்சம். இரவில் ஒரே மூச்சில் ஜான் அதைப் பாடினார். அந்த முதல் முறைப் பதிவே இசைத்தட்டில் இடம் பெற்றது. மறுமுறை பாடிப் பார்த்தபோது அவர் குரலில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மறுநாள் அவர்கள் ஓய்வெடுத்தார்களா? இல்லை. ஷெஃபீல்டிலும் ஓல்டாமிலுமாக ஒரே இரவில் இரண்டு ஊர்களில் பாடினார்கள். மார்ச் 22ஆம் நாள் வெளிவந்த அந்த நெடுநேர இசைத்தட்டு, மே மாதம் முதலிடத்தைப் பிடித்துத் தொடர்ந்து முப்பது வாரங்கள் அங்கேயே இருந்தது. பஸ் பயணத்துக்கிடையே கிடைத்த ஒருநாள் உழைப்பின் விளைவு அது.

பஸ்ஸிலே பிறந்த பாட்டு

பஸ் பயணம் சோர்வைத் தருவது. ஆனால் ஜானும் பாலும் அந்நேரத்தை வீணாக்கவில்லை. கிதாரை மடியில் வைத்துக்கொண்டு பாட்டு இயற்றினர். பிப்ரவரி 28ஆம் நாள் யார்க் நகரிலிருந்து ஷ்ரூஸ்பரிக்குச் செல்லும் வழியில் ஒரு பாட்டு உருவாயிற்று. ஓர் இசை வார இதழின் வாசகர் கடிதப் பகுதியின் தலைப்பே அவர்களுக்கு அந்தப் பாட்டுக்கான கருத்தைத் தந்தது. 'ஃப்ரம் மீ டு யூ' என்னும் அப்பாடலை ஐந்தே நாளில், மார்ச் 5ஆம் தேதி, ஒலிப்பதிவு செய்தனர். ஏப்ரலில் வெளிவந்து ஏழு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதை வெளியிடும் முன் ஹெலனிடம் பாடிக்காட்டிக் கருத்துக் கேட்டார்களாம்; இதை ஹெலனே பின்னாளில் கூறியுள்ளார்.

ஹெலனுக்கென்றே அவர்கள் ஒரு பாட்டு இயற்றியதும் உண்டு. 'மிஸரி' என்பது அதன் பெயர். ஆனால் ஹெலனின் இசைத்தட்டுகளைக் கவனித்தவர்கள் அதை வேண்டாமென்று விட்டனர். பாட்டு வந்த செய்தியே ஹெலனுக்கு அப்போது தெரியாது. அதே பஸ்ஸில் வந்த கென்னி லிஞ்ச் அதைப் பாடிப் பதிவு செய்தார். ஜானும் பாலும் இயற்றிய பாட்டொன்றைப் பதிவு செய்த முதல் வெளிக்கலைஞர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அந்தப் பெயர் ஹெலனுக்குக் கிடைத்திருக்க வேண்டியது. பிறர் எடுக்கும் முடிவு ஒருவருடைய வாழ்வை எப்படித் திருப்பிவிடுகிறது பாருங்கள்!

ஒரு தலைப்புச் செய்தி

இனி நான் சொல்லப்போவதே இந்தப் பயணத்தில் என் நெஞ்சைத் தொட்ட நிகழ்ச்சி.

பயணத்தின்போது ஒரு நாள் ஹெலன் பஸ்ஸில் இசை வார இதழ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் அவரைப் பற்றியே ஒரு தலைப்பு: பதினாறு வயதிலேயே இவருடைய காலம் முடிந்துவிட்டதா என்று கேட்கும் தலைப்பு. படித்ததும் அவர் முகம் வாடிவிட்டது. இரவில் பெரிய எழுத்தில் தம் பெயர் ஒட்டிய அரங்கில், கடைசியாக மேடையேறிப் பாட வேண்டியவர் அவர். பகலில் அவருடைய காலம் முடிந்ததா என்று அச்சில் கேட்கிறார்கள்! பதினாறு வயதுப் பெண் அதை எப்படித் தாங்குவாள்?

அதைக் கவனித்தவர் ஜான் லென்னன். அவர் நாவில் கேலியும் குத்தலும் அதிகம் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அவரோ ஹெலனிடம் பரிவோடு பேசினார். அந்தக் குப்பைக்காக மனம் உடைய வேண்டாம், நீ இன்னும் பல்லாண்டு பாடுவாய் என்னும் பொருளில் ஆறுதல் கூறினார். ஹெலன் இதை மறக்கவில்லை. முதிர்ந்த வயதிலும் நன்றியோடு நினைவு கூர்ந்திருக்கிறார்.

எண்ணிப் பாருங்கள். ஹெலனின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் யார்? ஆறுதல் சொன்ன அவர்களேதாம். முந்திச் செல்பவர், பின்தங்குபவரைத் திரும்பிப் பார்த்து ஒரு நல்ல சொல் சொன்னார். அந்த நல்ல சொல்லைப் பின்தங்கியவரும் நல்ல சொல்லாகவே ஏற்றுக்கொண்டார். இரண்டில் எது கடினம் என்று என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் என்பேன்.

வரிசை மாறியது

பிப்ரவரி பிற்பகுதியில் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' சில இதழ்களின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. வேறொரு பட்டியலில் இரண்டாம் இடம். பிப்ரவரி 25ஆம் நாள் ஜார்ஜ் ஹாரிசனுக்கு இருபது வயது நிறைந்தது. வயதில் அவ்வளவு இளையவர்கள் பெயரைச் சொல்லி அரங்கில் பெண்கள் கூச்சலிடத் தொடங்கினர்.

இடையே ஹெலனுக்கு உடல்நலம் குன்றியது. டான்டன், யார்க் ஆகிய இரண்டு ஊர்களில் அவரால் மேடையேற இயலவில்லை. பின்னர் உடல் தேறி ஷ்ரூஸ்பரியில் வந்து சேர்ந்துகொண்டார். கூட்டம் யாரைக் காண வந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆயினும் எஞ்சிய ஊர்களிலும் பாடி, பயணத்தை முடித்துக் கொடுத்தார்.

மார்ச் 3ஆம் நாள் ஹான்லி நகரில் பயணம் நிறைவெய்தியபோது, முற்பகுதியில் எங்கோ பாடிக்கொண்டிருந்த பீட்டில்ஸ் குழு, முதற்பாதியை முடித்து வைக்கும் நிலைக்கு உயர்ந்திருந்தது. ஆறே நாள் கழித்து, மார்ச் 9ஆம் தேதி, அடுத்த பயணம் தொடங்கிற்று. டாமி ரோ, கிறிஸ் மான்டெஸ் என்னும் அமெரிக்கப் பாடகர் இருவரே அதில் முதன்மையானவர்கள். ஆனால் மக்களின் ஆரவாரத்தைக் கண்டு, கடைசியில் பாடும் இடத்தைப் பீட்டில்ஸுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. மே மாதத்தில் ராய் ஆர்பிசன் என்ற பெரும் பாடகரோடு சென்ற பயணத்திலும் அவ்வாறே நடந்தது. ஓர் இளவேனில் முடிவதற்குள் வரிசை தலைகீழாயிற்று.

பின்னர் நடந்தவை

பின்னர் நடந்ததை உலகம் அறியும். 1964 பிப்ரவரி 9ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பீட்டில்ஸ் பாடியதைக் கண்டவர்கள் ஏறத்தாழ ஏழு கோடியே முப்பது லட்சம் பேர். ஆல்டர்ஷாட்டின் பதினெட்டுப் பேர் எங்கே, ஏழு கோடி எங்கே! ஆனால் கூச்சலில் தங்கள் பாட்டுத் தங்களுக்கே கேளாத நிலை வந்தது. 1966 ஆகஸ்டு 29ஆம் நாளோடு கச்சேரிப் பயணங்களையே அவர்கள் நிறுத்திக்கொண்டனர். 1970இல் குழு பிரிந்தது. 1980இல் ஜான் சுட்டுக் கொல்லப்பட்டார். 2001இல் ஜார்ஜ் நோயால் மறைந்தார்.

ஹெலன் என்ன ஆனார்? அதன் பிறகு அவருடைய பாடல் எதுவும் முதலிடம் பெறவில்லை. ஆனால் அவர் பாடுவதை நிறுத்தவில்லை. 1963 அக்டோபர் 4ஆம் நாள் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழுவினரோடு மீண்டும் தோன்றினார். அப்போது அவர்களே நாட்டின் நாயகர்கள். அவர் முகங்கோணாமல் அவர்களோடு நின்று பாடினார். பின்னர் மேடை நாடகங்களில் நடித்தார். ஹம்ஃப்ரி லிட்டில்டன் என்னும் புகழ்பெற்ற ஜாஸ் கலைஞரின் குழுவோடு பல ஆண்டுகள் பாடினார். பிற்காலத்தில் இயேசுவை ஏற்றுக்கொண்டு பக்திப் பாடல்களும் பாடினார். 2002ஆம் ஆண்டில்தான் மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். பதினாறு வயதில் காலம் முடிந்துவிட்டதா என்று கேட்டார்களே, அதற்குப் பின் சுமார் நாற்பது ஆண்டுகள் அவர் பாடியிருக்கிறார்! ஜான் சொன்ன ஆறுதல் மொழி பொய்க்கவில்லை.

முடிவுரை

கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு காரணத்தைப் பின்னர் சொல்வதாகக் கூறினேன். இதோ சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் வகுப்பு முதல் சென்ற ஆண்டு வரை, நம் பள்ளி ஆண்டு விழாவில் இறைவணக்கப் பாடலைத் தனித்துப் பாடியவள் நான். இவ்வாண்டு அந்த வாய்ப்பு ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்திக்குக் கொடுக்கப்பட்டது. எனக்குக் குழுப்பாடலில் இரண்டாம் வரிசை. அறிவிப்பைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தொண்டை வலி என்று பொய் சொல்லி இரண்டு நாள் பயிற்சிக்கே போகவில்லை. சிஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. மூன்றாம் நாள் என்னை அழைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னார்கள்.

நான் பீட்டில்ஸ் நால்வரைப் பற்றி எழுதத்தான் குறிப்பெடுத்தேன். ஆனால் குறிப்பேட்டின் பக்கங்களில் ஹெலனின் பெயரே அதிகம் இருந்தது. உண்மையில் தொண்டை கட்டியிருந்தபோது ஜான் பத்து மணி நேரத்துக்கு மேல் ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்றார். தொண்டை நன்றாக இருந்தும் நான் வீட்டில் படுத்திருந்தேன். காலம் முடிந்ததா என்று அச்சில் கேட்ட பிறகும் ஹெலன் மேடையேறினார்; இரண்டாம் வரிசை என்றதுமே நான் பயிற்சியை விட்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருந்தது.

வள்ளுவர் அழுக்காறாமை என்று ஓர் அதிகாரமே இயற்றி வைத்திருக்கிறார். தேர்வுக்காக அதனை மனப்பாடம் செய்திருக்கிறேன். மனப்பாடம் செய்வது எளிது. நம் இடத்தில் இன்னொருத்தி நின்று பாடுவதைக் கேட்பது எளிதன்று. ஹெலனுக்கு வருத்தமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவர் முகம் வாடியது உண்மை. ஆனால் வாடிய முகத்தோடு அவர் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்விடவில்லை. அடுத்த ஊருக்கும் சென்றார், அங்கும் பாடினார். முதலிடம் என்பது ஒரு பருவத்துக்கு ஒருவரிடம் இருப்பது. பாட்டோ வாழ்நாள் முழுவதும் உடன் வருவது.

நேற்று மாலை நான் பயிற்சிக்குச் சென்றேன். இரண்டாம் வரிசையில் நின்றேன். இடைவேளையில் அந்தத் தங்கை என்னிடம் வந்து, "அக்கா, அந்த மூன்றாம் அடியில் மூச்சு எங்கே எடுப்பது? எனக்குப் பாதியில் மூச்சு முட்டுகிறது" என்று கேட்டாள். நான்கு ஆண்டு பாடிப் பழகியவள் அல்லவா நான்? எங்கே எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

சொல்லிக்கொடுத்தேன்.